மாசித் தீக்கு மார்கழியில் வேலை

கொடைக்கானலில் அறை தேடுகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். காலைச் சிற்றுண்டி, வெந்நீர், வண்டி நிறுத்த இடம், அதற்குக் கீழே ‘கேம்ப் ஃபயர்’. சில இடங்களில் அது இலவசம். சில இடங்களில் விறகுக்குத் தனிக் காசு. டிசம்பர் குளிருக்கு எழுதிய பட்டியல் மார்ச்சிலும் மாறுவதில்லை. எதிர்ச்சரிவில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல மேலேறிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் புல்தரையில் கட்டை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, பாட்டுப் போட்டு ஆடுவதும் நடக்கிறது. யாராவது ஒருவர் அந்தச் சிவப்புக் கோட்டையும் படமெடுத்து ‘செம வியூ’ என்று ஸ்டேட்டஸ் வைப்பார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கீழேயிருந்து வருகிறவருக்கு மலை என்றால் பச்சை, ஈரம், மூடுபனி. பிப்ரவரியிலிருந்து மே வரை அதே மலை தீப்பெட்டி மாதிரி காய்ந்து கிடக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் அவர் மயங்கிய ஒவ்வொன்றையும், அதாவது செங்குத்துச் சரிவையும் பொன்னிறப் புல்லையும் வரிசை வரிசையான பைன் மரங்களையும் கற்பூர மரத்தின் வாசனையையும் ஓயாத காற்றையும், ஒரு வனக் காவலரிடம் காட்டினால் அவர் எரிபொருள் கணக்குத்தான் போடுவார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத்தீ நேற்று வந்ததல்ல. அதை நாம் கையாளும் முறைதான் ஆண்டுதோறும் ஒரே நாடகமாக நடக்கிறது. மார்ச்சில் செய்தி வரும். தீ பெரிதானால் ஹெலிகாப்டர் வரும். இரண்டொருவர் மீது வழக்குப் பதிவாகும். கோடை மழை ஒன்று பெய்யும். அத்தோடு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இந்த வேலையில் முக்கால்வாசி மார்கழிக்கும் தைக்கும் உரியது. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள். காசும் அதிகாரமும் மட்டும் வேறு மாதத்திலும் வேறு ஊரிலும் இருக்கின்றன.

குரங்கணியிலிருந்து தொடங்குவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் பிற்பகலில் தீயில் சிக்கினார்கள். மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்த பெண்கள் அதில் பலர். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். சிலர் அங்கேயும் மற்றவர்கள் அடுத்தடுத்த நாள்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற முதலில் மேலே ஓடியவர்கள் ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான். விமானப் படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தது அதற்குப் பிறகு.

அன்று என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளச் சரிவில் தீ போகும் விதம் தெரிய வேண்டும். சமதரையில் தீயின் சூடு நேரே மேலே போய்விடும். சரிவில் அப்படி இல்லை. சுடர் மலையோடு சாய்ந்து படுத்து, மேலே உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே அதை உலர்த்திப் பொரித்துவிடுகிறது. சாய்வு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் வைத்திருக்கும் கைக்கணக்கு. முப்பது டிகிரிச் சரிவில் எட்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சரிவில் மேலே ஓடும் மனிதனுக்கோ ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கும். பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுவதும் தீயின் கட்சியில் சேர்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் உச்சியை நோக்கி ஓடுவது, அதிலும் ஓடையால் அரிக்கப்பட்ட குறுகிய பிளவுக்குள் ஏறி ஓடுவது, மிக மோசமான தேர்வு. ஏற்கெனவே எரிந்து கறுத்த தரைதான் பெரும்பாலும் பிழைக்கும் இடம். மலையில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்.

அதன் பிறகு அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. பாதைகள் தரம் பிரிக்கப்பட்டன; தீப் பருவத்தில் அனுமதி நிறுத்தப்பட்டது. 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளுக்கு இணையவழி முன்பதிவு வந்தது; உள்ளூர் வழிகாட்டிகளும் வந்தார்கள். இவையெல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த விதிகள் ‘காட்டுக்குள் யார் போனார்கள்?’ என்ற கேள்விக்கான பதில். ‘அந்த மலை ஏன் அப்படி எரிந்தது?’ என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மலையேறுகிறவர்களைத் தடுத்துவிடலாம். மலையிலேயே குடியிருப்பவர்களை எந்தப் பருவத்தில் வெளியே அனுப்புவது?

மேல்மலைகளின் இயல்பான முகம் இரண்டு. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலைக்காடு; முதுகுகளில் புல்வெளி. சோலைக்குள் எப்போதும் ஈரம் இருப்பதால் அதற்குள் தீ எளிதில் நுழையாது. ஓரத்தைக் கருக்கிவிட்டு நின்றுவிடும். புல்வெளி சட்டென்று எரியும், சட்டென்று அணையும், முதல் மழைக்கு வேரிலிருந்து தளிர்க்கும். இரண்டுக்கும் தீயோடு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது.

அந்த ஏற்பாட்டை நாம் கலைத்தோம். கற்பூர மரம் என்று நீலகிரியில் அழைக்கப்படும் யூகலிப்டஸ் 1843-இலேயே அங்கு வந்துவிட்டது. சீகை மரங்களும் அதே நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவைதான். முதலில் வெள்ளையர்களுக்கு விறகு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டை, செயற்கை இழை ஆலைக்குக் கூழ் மரம். புல்வெளியைத் ‘தரிசு’ என்று எழுதிவைத்த ஒரு நிர்வாகப் பழக்கம் அதற்கு வசதியாக இருந்தது. பழனி மலையில் நாற்பதாண்டுக் காலச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டது. அந்த இடத்தைப் பிடித்தவை சீகை, பைன், கற்பூர மரங்களும் விவசாயமும்.

தீயின் கண்ணோடு இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும். கற்பூர மரத்தின் இலையில் எண்ணெய். அதன் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்குவதால் தரையில் இருக்கும் தீ அதைப் பிடித்து மேலே ஏறுகிறது. காற்றில் பறக்கும் அந்தப் பட்டைத் துண்டே தீயை அடுத்த சரிவுக்குக் கொண்டுபோய்விடும். பைன் ஊசிகள் மக்காமல் மெத்தை போலக் குவிகின்றன. சீகைதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். மேலே தீ போனால் அந்தச் சூட்டில் ஓடு வெடித்து ஆயிரக்கணக்கில் ஒன்றாக முளைக்கும். எரியும் ஒவ்வொரு சீகைத் தோப்பும் அடுத்த சீகைத் தோப்புக்கு நாற்றங்கால். இன்னும் கீழே, முதுமலை, சத்தியமங்கலம் போன்ற வறண்ட காடுகளில் அந்த வேலையை உண்ணிச்செடி செய்கிறது. புதர் புதராக ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, தரையில் போக வேண்டிய தீயை மரத்தின் இடுப்புக்கு ஏற்றிவிடுகிறது.

இதோடு பருவமும் கைகொடுக்கிறது. உதகைப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனியை நாளிதழ்கள் வெள்ளைக் கம்பளமாக முதல் பக்கத்தில் அச்சிடும். அந்தப் பனியில் கருகும் புல் தை வெயிலில் மொறுமொறுப்பாகி, மாசியில் தீக்குத் தயாராக நிற்கும். குறிஞ்சிகூட விலக்கல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலை முழுக்கப் பூத்ததும் செடி மடிந்துபோகிறது. 2018-இல் பூத்தவை மடிந்தன. 2030-இல் பூப்பவையும் மடியும். அந்த நீலத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வண்டி ஏறுகிறவர்களுக்கு, அடுத்த கோடையில் அதே சரிவில் நிற்கும் காய்ந்த குச்சிகளைப் பற்றிய யோசனை இருக்காது. வனத்துறைக்கு இருக்க வேண்டும்.

தீயைப் பற்றவைப்பது மனிதர்கள்தான் என்பதில் சந்தேகமில்லை. நம் நாட்டுக் காட்டுத்தீயில் மின்னலின் பங்கு மிகக் குறைவு. உடனே விரல் ஆடு மாடு மேய்ப்பவர் பக்கமும் தேன் எடுப்பவர் பக்கமும் நீளும். புதுப்புல் முளைக்கக் கொளுத்திவிட்டார்கள், தேனடைக்குப் புகை போட்ட பந்தம் விழுந்துவிட்டது என்பார்கள். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் 2024 மார்ச்சில் குன்னூரை நாள்கணக்கில் புகையில் ஆழ்த்திய தீ, தனியார் தேயிலைத் தோட்டத்தில் குப்பைச் சருகைக் கொளுத்தியதில் தொடங்கியதாகத்தான் வழக்குப் பதிவானது. மேல்மலையில் நிலம் வாங்கிப் போட்டுவிட்டு மதுரையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் உரிமையாளரின் பட்டா நிலம் விவசாயம் இல்லாமல் புல்லும் புதருமாகக் கிடக்கிறது. தீ பட்டாவில் தொடங்கி, வருவாய் நிலத்தில் வளர்ந்து, காப்புக்காட்டில் செய்தியாகிறது. மூன்று நிலத்துக்கும் மூன்று அலுவலகம். தீ யாரிடமும் சர்வே எண் கேட்பதில்லை.

எரிப்பதை முற்றிலும் தடை செய்தால் போதாதா? போதாது என்பதற்குச் சோளகர் பழங்குடியினரின் அனுபவம் சாட்சி. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் ‘தரகு பெங்கி’ என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. குளிர் விலகாத மாதங்களில், தரையில் கொஞ்சமாகச் சருகு சேர்ந்ததும், அதைச் சிறு சிறு பகுதியாகக் கொளுத்திவிடுவார்கள். கணுக்கால் உயரத் தீ. பெரிய மரங்களுக்கு ஒன்றும் ஆகாது. 1974-இல் அந்த மலை சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. அடுத்த முப்பதாண்டில் உண்ணிச்செடி காட்டைப் பிடித்துக்கொண்டது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்று சோளகர்கள் சொன்னார்கள். பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் 2005-இல் தீக்கும் உண்ணிச்செடிக்கும் இடையிலான சுழற்சியைப் பற்றி எழுதினார்கள்: பெரிய தீ உண்ணிச்செடிக்கு இடம் தருகிறது, உண்ணிச்செடி அடுத்த பெரிய தீக்கு விறகு தருகிறது. சோளகர்களோடு சேர்ந்து நடந்த பின்னாளைய ஆய்வு, அவர்கள் சொல்லிவந்ததைக் காது கொடுத்துக் கேட்டது. சட்டம் இன்னும் கேட்கவில்லை. நீலகிரியில் தோடர்களும் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியை முறைவைத்து எரித்தவர்களே.

நான் பழங்குடியினரின் ஒவ்வொரு வழக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு போற்றவில்லை. உண்ணிச்செடி பத்தடிக்கு நிற்கும் இன்றைய காட்டில் பாட்டன் வைத்த தீயை அப்படியே வைத்தால் ஊரே போய்விடும். முதலில் செடியை வெட்டி இறக்க வேண்டும். எந்தச் சரிவில், எந்தக் காலையில், எவ்வளவு ஈரத்தில் எரிக்கலாம் என்பதை வனத்துறையும் ஆய்வாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் தங்கள் பூர்வகுடிகளிடம் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நம்மிடமோ கேட்கத் தேவையான சட்டமே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. அந்தப் பிரிவைத் தமிழ்நாட்டு மலைகளில் உயிரோடு பார்ப்பது அரிது.

காட்டை மக்களிடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இமயமலைப் பக்கம் ஒரு பழைய கதை இருக்கிறது. குமாவுன் காடுகளை வெள்ளையர் அரசு காப்புக்காடாக்கி மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு போட்டது. 1921-இல் மக்கள் அந்தக் காடுகளுக்கே தீ வைத்தார்கள். அரசு இறங்கிவந்து 1931-இல் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது. அங்கே இன்றும் பைன் எரிகிறது, பெரிதாகவே எரிகிறது. 2024 ஜூனில் அல்மோரா மாவட்டத்துப் பின்சாரில் தீயணைக்கப் போன நான்கு வனப் பணியாளர்கள் அந்த இடத்திலேயே இறந்தார்கள். ஆகவே பஞ்சாயத்து இருந்தால் தீ வராது என்று நான் சொல்லவில்லை. தீ வந்த பிறகு, தன் காடு என்று நினைக்கிற ஊரிலிருந்து ஆள் வருவதற்கும் ‘சர்க்கார் காடுதானே’ என்று நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

தீத்தடுப்புக் கோடு என்பதை நாளிதழில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அது எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மூன்று மீட்டரோ ஆறு மீட்டரோ அகலத்துக்கு, மலை முதுகின் வழியாக, அரிவாளால் புல்லையும் புதரையும் அறுத்துப் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் அது காய வேண்டும். பிறகு விடியற்காலையில், பனி இன்னும் புல்லில் இருக்கும்போது, காற்று எழும்புவதற்குள், அறுத்ததை அங்கேயே எரிக்க வேண்டும். இரு பக்கமும் ஆள்கள் பச்சைக் கொப்போடு நிற்பார்கள். பதினோரு மணிக்கு மேல் நெருப்பைத் தொடக் கூடாது. எரித்த பிறகும் வேலை முடிவதில்லை. மேலே நிற்கும் மரங்கள் சருகு உதிர்த்துக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்ட கோடு, வரைபடத்தில் மட்டும் கோடு. மார்ச் வந்தபிறகு இதில் எதையும் செய்ய முடியாது. அறுத்ததை எரிக்கப் போனால் அதுவே காட்டுத்தீயாகிவிடும். கோடு போடும் நிதியும் ஆளும் நவம்பரில் வந்தால்தான் இது சாத்தியம். பிப்ரவரியில் வரும் ரூபாய்க்கு மலையில் பாதி மதிப்புகூடக் கிடையாது.

தீ வந்துவிட்டால் தீத்தடுப்புக் காவலர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பச்சைக் கொப்பேதான். சில சரகங்களில் இலை ஊதும் இயந்திரம் கொடுத்திருக்கிறார்கள், நல்லது. கொப்பால் அணைப்பதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. ஓங்கி ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றிக்கொள்ளும். அடித்து, அப்படியே அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். சுடருக்கு இரண்டடி தள்ளி, புகைக்குள் குனிந்து, மணிக்கணக்கில். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பளியர், இருளர், குறும்பர் போன்ற மலைவாழ் மக்கள், தினக்கூலி, பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தீயணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் தீயில் சூழப்பட்டு இறந்தார்கள். காகிதக் கூழுக்காக வளர்த்த அயல்மரத் தோட்டம் அது. சரியான காலணி, தீ தாங்கும் உடை, வாக்கி டாக்கி, ஆயுள் காப்பீடு ஆகிய நான்கையும் ஒவ்வொரு காவலருக்கும் கொடுத்துவிட்டுப் பிறகு நாம் நவீனக் கருவிகளைப் பற்றிப் பேசலாம்.

ஹெலிகாப்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் கோவை மலையடிவாரத் தீக்கும், 2024 மார்ச்சில் குன்னூர்த் தீக்கும் விமானப் படை ஹெலிகாப்டர் பெரிய வாளியைத் தொங்கவிட்டு அணையிலிருந்து நீர் மொண்டு ஊற்றியது. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. சரியான நேரத்தில் உதவியாகவும் இருந்தது. ஆனால் அது தீயின் தலையைத் தட்டிக் குளிர்விக்கும். அணைப்பது தரையில் நிற்கும் ஆள்தான். ஒரு கட்டைக்குள் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு, ஹெலிகாப்டர் போனபின் மறுநாள் மதியக் காற்றில் மறுபடி எழும். பல நாள் தீயைப் பற்றிய செய்திகளில் ‘மீண்டும் பரவியது’ என்ற சொற்றொடர் வருவது இதனால்தான்.

செயற்கைக்கோளுக்கும் இதே கதைதான். இந்திய வன ஆய்வு நிறுவனம் தீ தென்பட்டதும் வனத்துறையினரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அது பயன்படுத்தும் செயற்கைக்கோள் கருவிகளில் நுட்பமானது 375 மீட்டர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. ஒரு நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் வருகிறது. மதியம் மூன்று மணிக்குப் பிடித்த தீயை, கீழே டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் அதற்கு முன்பே பார்த்திருப்பார். அவருக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் ‘அது எங்க லிமிட் இல்லீங்க’ என்ற பதில் வரக் கூடாது.

நாள்காட்டிகூட நம்மை ஏமாற்றத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப் பருவம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். 2024-இல் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுலா வண்டிகளை நிறுத்தினார்கள். அதாவது சீசனின் உச்சத்தில். அந்த மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது தற்செயல். ஆனால் அதை இதற்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றுகிறது: மலையில் எத்தனை வண்டி இருக்கிறது என்று முதல் முறையாக அரசுக்குத் தெரியும். மழை பொய்த்த ஆண்டில், புல் காய்ந்த வாரத்தில், மேல்மலைப் பாதைக்கான எண்ணிக்கையைக் குறைப்பதற்கு அது ஒரு பிடி.

பாதையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று போகும் சாலை கிளாவரையில் முடிந்துவிடுகிறது. வந்த வழியே திரும்ப வேண்டும். வெள்ளையர்கள் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்துவிட்டால் தப்பிப்பதற்கென்று பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் ஒரு பாதையை நினைத்து வைத்திருந்தார்கள். ‘எஸ்கேப் ரோடு’ என்றே அதற்குப் பெயர். 1990-இல் அது மூடப்பட்டது. காட்டு நலனுக்கு அதை மூடியது சரிதான், திறக்கச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. வராத ஜப்பானியருக்கு ஒரு தப்பிக்கும் திட்டம் இருந்தது. ஆண்டுதோறும் வரும் தீக்குக் கிளாவரைக்காரரிடம் என்ன திட்டம் இருக்கிறது?

கலிஃபோர்னியாவின் பேரடைஸ் என்ற மலையூரில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் கொடுமையானது. பைன் காட்டுக்கு நடுவே 26,000 பேர் வாழ்ந்த அழகான ஊர். 2018 நவம்பர் 8 அன்று, ஏறக்குறைய நூறாண்டுப் பழைய மின்கோபுரத்தில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று அறுந்து தீ தொடங்கியது. 85 பேர் இறந்தார்கள்; 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. மின் நிறுவனம் 84 மரணங்களுக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளில் வண்டிகள் நெருக்கியடித்து நின்ற நிலையில் சிலர் காருக்குள்ளேயே கருகினார்கள். நம் மலையூர்களில் சிமெண்ட் வீடுகள் அதிகம். அந்த அளவுக்கு வராது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் வட்டக்கானல் பக்கமும் வில்பட்டிப் பக்கமும் எழும் புது விடுதிகளைப் பாருங்கள்: பைன் பலகைச் சுவர், மரக்கூரை, தோப்புக்குள் துணிக் கூடாரம். வீடுகளை எரிப்பது பெரும்பாலும் சுடர் அலை கிடையாது. அதற்கு முன்பே பறந்துவரும் தணல். கூரை ஓரத் தகரக் குழாயில் சேர்ந்திருக்கும் பைன் ஊசிக்குள் அது விழுந்தால் போதும். சுவரைச் சுற்றி ஐந்தடிக்குச் சருகும் விறகும் இல்லாமல் வைப்பதும் அந்தக் குழாயை மாசி பிறப்பதற்குள் வழித்தெடுப்பதும் ஒரு நாள் வேலை. விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதைக் கேட்கலாம். பிப்ரவரியிலிருந்து மே வரை ‘கேம்ப் ஃபயர்’ கிடையாது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

அயல்மரங்களை அகற்றும் வேலை தொடங்கியிருக்கிறது. உயர் நீதிமன்றம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. 2022-இல் அரசு இதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. ஆனால் சீகையை வெட்டிவிட்டுப் போனால் மட்டும் போதாது. விதை மண்ணில் இருக்கிறது. ஐந்தாறு ஆண்டு திரும்பத் திரும்ப வந்து நாற்றைப் பிடுங்க வேண்டும். வெட்டிய கிளைகளை அங்கேயே விட்டால் அது அடுத்த மார்ச்சுக்கு விறகு. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுந்துவருகின்றன. அங்கே கோடரியை எடுத்துப் போனால் வந்துகொண்டிருக்கும் சோலையையும் சேர்த்து வெட்டுவோம். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பது டெண்டர் ஆவணத்தில் அடங்கும் விஷயமில்லை. புல்வெளியாக இருந்த இடம் எது என்று நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கும்போதே அவர்களைக் கேட்பது நல்லது.

இதற்கெல்லாம் புது ஆணையமோ புதுத் துறையோ வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் இரண்டு, உள்ளாட்சி தினமான நவம்பர் 1-இலும் குடியரசு தினமான ஜனவரி 26-இலும் வருகின்றன; தீக்கு முந்தைய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான தேதிகளைத் தேடினாலும் கிடைக்காது. மேல்மலை ஊராட்சிகளின் நவம்பர் கூட்டத்தில் வனச்சரகரும் வருவாய் ஆய்வாளரும் தீயணைப்பு நிலைய அலுவலரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எந்த முதுகில் கோடு, யார் அறுப்பது, என்ன கூலி, எப்போது கைக்கு வரும். தோட்டச் சருகை எரிக்க எந்தெந்தக் காலைகள், எத்தனை பேர் நின்றால் அனுமதி. பூட்டிக் கிடக்கும் பட்டா நிலங்களின் பட்டியல், உரிமையாளர் புல்லை அறுக்காவிட்டால் ஊராட்சியே அறுத்துச் செலவை வரியோடு வசூலிப்பது. சாலை அடைபட்டால் ஊர் கூட வேண்டிய திறந்தவெளி எது. புகை தெரிந்ததும் கூப்பிட வேண்டிய ஒரே எண் எது. இவை தீர்மானமாகி, நகல் மாவட்ட வன அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் போகட்டும். மார்கழிக்குள் பணம் வந்து சேராவிட்டால், ஜனவரி 26 கூட்டத்தில் அதே தீர்மானத்தை முதல் பொருளாக, அதிகாரிகளை வைத்துக்கொண்டே, மறுபடி வாசிக்கலாம்.